அம்மாவா, அப்பாவா என்று கேட்காதீர்கள்

கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போடும் நேரம். யாராவது ஒரு மாமா நாலு வயதுப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, "உனக்கு அம்மாவப் பிடிக்குமா, அப்பாவப் பிடிக்குமா?" என்று கேட்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். விவரமான பிள்ளை "ரெண்டு பேரையும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். விவரம் பத்தாத பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும், அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்க்கும், ஒன்றும் சொல்லாது.

அந்த முழியை நான் வேலையிடத்தில் அடிக்கடி பார்க்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில், குடும்ப நல வழக்குகளில் பிள்ளைகளோடு பேசும் ஆலோசகராக 14 வருடமாக இருக்கிறேன். கேள்வி அதேதான். இங்கே வழக்கு நம்பரோடு கேட்கிறார்கள். (கீழே வரும் பிள்ளைகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எட்டு வயதுப் பையன் ஒருவன் எதிரில் வந்து உட்கார்ந்ததும் மூச்சு விடாமல் ஒப்பித்தான்: "அப்பா எனக்குக் கடுமையான மன உளைச்சல் கொடுக்கிறார். நான் அம்மாவுடன் இருக்கவே விரும்புகிறேன்." மனுவில் இருந்த வாக்கியம் அப்படியே. "மன உளைச்சல்னா என்னடா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "வயிறு வலிக்குமே, அதுவா?" என்றான்.

சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான், இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அவனுக்கு அன்றைக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தான். வராந்தாவின் ஒரு முனையில் அம்மாவும் அம்மா வீட்டு ஆச்சியும், மறு முனையில் அப்பாவும் அப்பா வீட்டு ஆச்சியும். நடுவில் இவன். வாக்கியம் கடன் வாங்கியது, வலி அவனுடையது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்தை மதிக்க வேண்டும், நீதிமன்ற நடவடிக்கைகளிலும் கேட்க வேண்டும். இந்தியா 1992 டிசம்பரில் இதில் இணைந்தது.

பிள்ளைக்கு யார் காப்பாளர் என்று தீர்மானிக்கும் நம்முடைய 1890ஆம் வருடத்துக் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 17வது பிரிவும் பிள்ளையை மறந்துவிடவில்லை. விவரமாக விருப்பம் சொல்லும் வயது வந்திருந்தால், அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. அந்த 'லாம்'தான் சிக்கல். 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 'லாம்' கிடையாது. தன் நலனைப் பாதிக்கும் எல்லா முடிவுகளிலும் கேட்கப்படுவது குழந்தையின் உரிமை என்று அதன் 3வது பிரிவு நேராகச் சொல்கிறது. வேடிக்கையைப் பாருங்கள். வீட்டுச் சண்டை தாங்காமல் பையன் ரயிலேறி ஓடிப்போய், குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுவரப்பட்டால், அவன் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். ஓடாமல் வீட்டிலேயே இருந்து, பெற்றோர் அவனுக்காக வழக்காடினால், கேட்டாலும் கேட்கலாம்.

என் அனுபவத்தில், பிள்ளையிடம் கேட்பதே இல்லை என்பதைவிட, தப்பான கேள்வியைக் கேட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. யாரோடு இருக்கிறாய் என்று கேட்டால், தீர்ப்பு எழுதும் வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம். எந்தப் பதில் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தது அதனுடைய ஒரு நாள். யார் எழுப்பிவிடுகிறார்கள், தலை பின்னுவது யார், வீட்டுப்பாடம் புரியவில்லை என்றால் யாரிடம் போகிறாய், போன தடவை காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் படுத்தது யார்? இதைக் கேட்டால் பிள்ளை தயங்காமல் பேசும். முடிவெடுக்கத் தேவையானது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி. இடைக்கால உத்தரவுப்படி மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அப்பாவோடு இருக்க வேண்டும். வெள்ளி ராத்திரி ஆனால் காய்ச்சல். அம்மா தூண்டிவிடுகிறார் என்று அப்பா தரப்பு, குழந்தைக்கே பிடிக்கவில்லை என்று அம்மா தரப்பு. நாலைந்து வாய்தா இதிலேயே ஓடியது. அவளிடம் "போறியா?" என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: "மாட்டேன்."

நியூசிலாந்தில் குழந்தைநலப் பணியாளர்கள் உருவாக்கிய ஒரு முறை உண்டு. காகிதத்தில் மூன்று வீடு வரையச் சொல்ல வேண்டும்: ஒன்றில் நல்ல விஷயங்கள், ஒன்றில் கவலைகள், ஒன்றில் ஆசைகள். இவள் அப்பாவை நல்ல வீட்டில் வரைந்தாள், பக்கத்தில் அவருடைய பைக். கவலை வீட்டில் ஒரு பாய்லரும் இரண்டு பெஞ்சும். என்னம்மா இது? "டீக்கடை." பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த அந்த டீக்கடை முன்னால்தான் அவளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அங்கே சத்தம் போட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் அவளுடைய கண்ணாடி வளையல் உடைந்திருக்கிறது.

அவள் மாட்டேன் என்றது அந்த டீக்கடைக்கு. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அப்பாவே நேராக வந்து கூட்டிப்போகலாம், சனி மதியம் அம்மாவின் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொண்டுவந்து விடலாம் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து மெமோ போட்டார்கள். நீதிபதி ஏற்றுக்கொண்டார். ராத்திரி தங்க வேண்டி வருமே என்று அவளிடம் கேட்டதற்கு, லைட்டை அணைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். காய்ச்சல் உடனே நிற்கவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் குறைந்தது.

எல்லா 'மாட்டேன்'களும் இப்படிச் சுலபமாக அவிழும் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னொரு குழந்தையின் 'மாட்டேன்' போக்சோ வழக்காக, அதாவது குழந்தை மீதான பாலியல் குற்ற வழக்காக முடிந்தது. அதையும் முதலில் எல்லோரும் "அம்மா சொல்லிக் கொடுத்தது" என்றுதான் சொன்னார்கள். பிள்ளை ஒருவரிடம் போக மறுத்தால் முதலில் காரணத்தைத் தேடுங்கள், வில்லனைத் தேடுவது அப்புறம். ஆபத்து என்று சந்தேகம் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். பதினோரு வயதுப் பெண்பிள்ளை வாயே திறக்கவில்லை. "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்மா" என்றேன். பேசினாள். அம்மா ராத்திரி ராத்திரி அழுவதைப் பார்க்க முடியவில்லை, கொஞ்ச நாள் அப்பா வீட்டில் இருந்தால் தேவலை என்றாள். நான் அதை அறிக்கையில் எழுதினேன். அறிக்கையின் நகல் இரண்டு தரப்புக்கும் போகும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அம்மா படித்துவிட்டார். அடுத்த வாய்தாவில் அவள் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "சொல்ல மாட்டேன்னு சொன்னீங்கல்ல?"

அதற்குப் பிறகு, யார் யார் படிப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம் என்றும் சொல்கிறேன். முடிந்ததும், எழுதப்போவதை வாசித்துக் காட்டி, எதை எப்படி எழுதலாம் என்று பிள்ளையிடமே கேட்கிறேன். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் எழுதியே ஆவேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2009இல் வெளியிட்ட 12வது பொதுக் கருத்துரையில் இந்தக் காரியங்கள் எல்லாம் இருக்கின்றன. குறைந்தபட்ச வயது என்று எதையும் வைக்காதீர்கள் என்கிறது. பேச்சு வராத பிள்ளைகூட விளையாட்டிலும் படத்திலும் முகத்திலும் சொல்லும் என்கிறது. நாம் அடியோடு கைவிட்டிருக்கும் ஒன்றும் அதில் உண்டு. பிள்ளை சொன்னதற்கு என்ன மதிப்புக் கிடைத்தது என்பதைப் பிள்ளையிடம் திரும்பச் சொல்ல வேண்டும். நம் ஊரில் உத்தரவு வரும், வக்கீல் நகல் வாங்குவார், பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நீதிபதியின் அறையில் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்த பையன் மூன்று மாதம் கழித்து என்னிடம், "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டிருக்கிறான். இதற்கிடையில் நவம்பர் 14 அன்று மேடையேற்றி, நாம் எழுதிக் கொடுத்த உரிமைப் பேச்சை அவர்களையே மனப்பாடமாகப் பேச வைத்துக் கைதட்டுகிறோம்.

கடைசியாக, பரஸ்பர சம்மத விவாகரத்து. சண்டை இல்லாமல் பிரிகிறார்கள், பிள்ளைக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எதிர்த்து நடக்கும் வழக்கிலாவது நீதிபதி பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச வாய்ப்புண்டு. இதில் பெரியவர்கள் இருவரும் ஒத்துப்போய்விட்டதால் யாருமே கேட்பதில்லை. பிள்ளைகளின் பொறுப்பையும் படிப்பையும் முடிந்தவரை அவர்கள் விருப்பத்துக்கு இசைவாகத் தீர்மானிக்கச் சொல்லும் 1955ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தின் 26வது பிரிவு சம்மத வழக்குக்கும் சேர்த்துத்தான். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பிள்ளை சம்பந்தப்பட்ட பக்கத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது வழக்கம்.

போன வருடம் ஒரு தம்பதி அப்படி வாசித்தார்கள். பையனுக்குப் பத்து வயது. தீபாவளி அம்மாவிடம், பொங்கல் அப்பாவிடம், மே லீவு பாதிப் பாதி, பிறந்தநாள் மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "கொடை?" என்றான். அம்மாவின் ஊரில் அம்மன் கோயில் கொடை. பெரியம்மா, மாமா பிள்ளைகள் எல்லோரும் வருடத்தில் ஒன்றுகூடும் மூன்று நாள். வருடா வருடம் அவனுக்குத் தோளில் உட்கார வைத்துக் கரகாட்டம் காட்டுவது அப்பா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த மனிதர் எழுந்து, ஒரு வரி சேர்த்து அடித்துவர டைப்பிங் சென்டருக்குப் போனார்.