யிடகி: நாக்கு வாசிக்கும் மரம்

டிட்ஜெரிடூ என்பது நீண்ட மர ஊதுகுழல் ஒன்றுக்கு வெளியார் அதன் ஓசையைக் கேட்டு வைத்த பெயர். ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில், வடகிழக்கே வாழும் யோல்ங்கு மக்களுக்கு அது யிடகி. அவர்கள் மொழி யோல்ங்கு மாத்தா. மாத்தா என்றால் நாக்கு. கருவி ஒலிக்கும் சூட்சுமமும் நாக்கில்தான் இருக்கிறது.

இதில் விரல்துளை இல்லை, சீவாளி இல்லை. கரையான் உள்ளே தின்று குடைந்த யூகலிப்டஸ் மரம், அவ்வளவுதான். மரத்தைத் தட்டிக் கேட்டுத் தேர்ந்து வெட்டி, பட்டையை உரித்து, உள்ளே மிஞ்சிய கரையான் மண்ணைக் குத்தி வெளியேற்றுவார்கள். வாய் வைக்கும் துளை ஏறக்குறைய 3 செ.மீ. அதைவிட அகன்றால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது தேன்மெழுகு வைத்துக் குறுக்கலாம். காயும்போது விழும் மயிரிழை வெடிப்புதான் பெரிய தொல்லை. காற்று கசிந்தால் ஒத்ததிர்வு, அதாவது குழல் தனக்கு இயல்பான அதிர்வெண்ணில் பலமாக அதிர்வது, தளரும். எவ்வளவு தம் கட்டினாலும் ஒலி பிடிக்காது.

உதடு இருக்கும் முனை மூடிய முனையாக நடந்துகொள்கிறது. ஆகவே அடிச்சுதியின் அலைநீளம் குழலின் நீளத்தைப்போல் 4 மடங்கு. 1.4 மீட்டர் நேர்க்குழலுக்கு, ஒலியின் வேகமான நொடிக்கு 340 மீட்டரை 5.6-ஆல் வகுத்தால் சுமார் 60 ஹெர்ட்ஸ். கீழ்முனை விரிந்திருந்தால் கொஞ்சம் ஏறும். உதட்டை இறுக்கினால் ஒலி அடுத்த ஒத்ததிர்வுக்குத் தாவிக் கூவும். யோல்ங்கு வாசிப்பில் இந்தக் கூவல் தாளத்தோடு சேர்ந்தே வரும்.

ஒரே சுதியில் இத்தனை நிறம் எங்கிருந்து வருகிறது? உதடு அதிரும்போது ஒலி குழலுக்குள் மட்டும் போவதில்லை, வாய்க்குள்ளும் திரும்புகிறது. வாயறை எந்த அதிர்வெண்களில் பலமாக ஒத்ததிர்கிறதோ, அங்கே உதட்டின் வழியே காற்றோட்டம் தடைபட்டு அந்த ஒலி மங்கும். தப்பிய அதிர்வெண் பட்டைகள் துலங்கிக் கேட்கும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2005-இல் வாசிப்பவரின் வாய்க்குள்ளேயே அளந்து இதைக் காட்டினார்கள். நாக்கை அண்ணத்தருகே உயர்த்தி, குரல்வளையை ஏறக்குறைய மூடினால் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பட்டை பளிச்சென்று எழும். பேச்சில் அ, இ, உ வேறுபடுவதும் வாயறையின் ஒத்ததிர்வால்தான். ஆனால் பேச்சில் அது ஒலியைத் தூக்கிவிடுகிறது, இங்கே அமுக்குகிறது.

மூச்சு அறாமல் ஊத, கன்னத்தில் தேக்கிய காற்றைப் பிதுக்கியபடியே மூக்கால் சட்டென்று இழுக்க வேண்டும். அந்த நொடியில் வாயறை மாறுவதால் நிறமும் மாறும். தேர்ந்தவர் அதை மறைக்க மாட்டார், தாளத்தில் ஓர் அடியாக்கிவிடுவார். புதியவர்கள் மூச்சு முழுக்கத் தீர்ந்தபின் இழுக்கப் பார்ப்பதால்தான் ஒலி அறுகிறது.

மனிகய் எனும் குலப்பாடல்களில் பாடகரும் அவர் கையிலுள்ள பில்மா தாளக்கட்டையும் முன்னே செல்ல, யிடகி தொடரும். அதன் தாளத்தை நம் சொற்கட்டு போல வாயாலும் சொல்லிக் காட்டுவார்கள். அந்த அசைகள் யோல்ங்கு மாத்தாவின் மெய்யொலிகளால் ஆனவை. யிர்கலா ஊர்ப் பள்ளியின் முதல்வராக இருந்த யோல்ங்கு பாடகர் மண்டவுய் யுனுபிங்கு, யோத்து யிண்டி குழுவில் ராக் இசையோடு யிடகியையும் பில்மாவையும் சேர்த்தார். 1991-இல் வந்த 'ட்ரீட்டி' பாடலில் ஆங்கிலத்தோடு, யோல்ங்கு மாத்தாவின் ஒரு வகையான குமாட்ஜும் ஒலித்தது.

த, ட இரண்டும் யோல்ங்கு மாத்தாவில் தனித்தனி. ந, ன, ண வேறுபாடும் ழகரத்துக்கு நெருங்கிய ஒலியும் உண்டு. அந்தத் தாள அசைகளை ஊதும்போது, ஆங்கிலம் மட்டும் பழகிய நாக்கு பல்லைத் தொட வேண்டிய இடத்திலும் மேலீற்றைத் தொடும், தாள அடி மழுங்கும். தமிழருக்கு இந்தத் தொல்லை குறைவு. மூச்சை மட்டும் பழகினால் போதும்.