உலையில் முதலில் தீர்வது எது?

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய வெள்ளீயத் தாதை உருக்குவதற்குப் பினாங்குக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் டவுன் டத்தோ கெராமாட் சாலையில் ஓர் உருக்காலை. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், 1902-இல் தொடங்கிய இன்னொன்று. அந்த உலைகளில் நடந்ததைப் படிவம் நான்கு மாணவர் ஒரே வரியில் எழுதிவிடுவார்: ஒரு வெள்ளீய ஆக்சைடு இரண்டு கார்பனோடு வினைபுரிந்தால் ஒரு வெள்ளீயமும் இரண்டு கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும். (ஆக்சிஜனைப் பறிக்கும் வேலையில் அந்த மோனாக்சைடும் சேர்ந்துகொள்வது உண்டு, நம் கணக்குக்கு இந்த வரி போதும்.)

சமன்பாடு வரைக்கும் சிக்கல் இல்லை. "302 கிராம் வெள்ளீய ஆக்சைடும் 42 கிராம் கார்பனும் இருந்தால் வெள்ளீயம் எவ்வளவு கிடைக்கும்?" என்று இரண்டுக்கும் அளவு கொடுத்துக் கேட்டதும்தான் பேனா நின்றுவிடுகிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பந்தல் போடுகிறவர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். பொட்டலத்துக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாதம், இரண்டு வடை. சாதம் 200 கரண்டி, வடை 350 என்றால் 175 பொட்டலம்தான் தேறும். எண்ணிக்கையில் அதிகம் வடைதான். முதலில் தீர்வதும் அதேதான்.

உலைக்குள் போகும் அணுக்களை எண்ண முடியாது, எடைதான் போட முடியும். எடையை எண்ணிக்கையாக மாற்றித் தருவது மோல். வெள்ளீயத்தின் அணு நிறை ஏறக்குறைய 119, ஆக்சிஜன் 16; வெள்ளீய ஆக்சைடில் ஒரு வெள்ளீயத்துக்கு இரண்டு ஆக்சிஜன். ஆக, ஒரு மோல் வெள்ளீய ஆக்சைடு 151 கிராம். கையில் இருப்பது 302 கிராம், அதாவது 2 மோல். கார்பன் மோலுக்கு 12 கிராம் என்பதால் 42 கிராம் 3.5 மோல். 2 மோல் ஆக்சைடுக்கு 4 மோல் கார்பன் வேண்டும், அவ்வளவு இல்லை. எனவே கார்பன்தான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள். கிடைக்கும் வெள்ளீயம் 3.5-இல் பாதி, 1.75 மோல்: 208.25 கிராம். கால் மோல் ஆக்சைடு, 37.75 கிராம், வினைபுரியாமல் மிஞ்சும்.

சரிபார்க்காமல் விடாதீர்கள். வெளியேறும் கார்பன் மோனாக்சைடு 98 கிராம். மூன்றையும் கூட்டினால் 344. உள்ளே போட்டதும் 344. மாறாக, ஆக்சைடு முழுவதும் தீர்ந்ததாகக் கணக்குப் போட்டவருக்கு 238 கிராம் வெள்ளீயமும் 112 கிராம் மோனாக்சைடும் சேர்ந்து 350 வரும். அதிகப்படியான அந்த 6 கிராம், கையில் இல்லாத அரை மோல் கார்பனின் எடை!

இப்போது கார்பனை மட்டும் 60 கிராமாக உயர்த்திப் பாருங்கள். 5 மோல் ஆகிவிட்டது, 4 போதும். ஆக்சைடு எடையில் ஐந்து மடங்கு இருந்தும் அதுதான் முதலில் தீர்கிறது, 12 கிராம் கார்பன் மிஞ்சுகிறது. கிராமைப் பார்த்து முடிவு செய்தாலும் தவறு, மோலை மட்டும் பார்த்தாலும் தவறு.

மோலைச் சமன்பாட்டின் குணகத்தால் (அந்தப் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணால்) வகுத்துச் சிறிய விடையைப் பிடிக்கும் குறுக்குவழி சரியானதுதான். ஆனால் புதிதாகப் படிப்பவர் இரண்டு பொருளுக்கும் தனித்தனியே விளைபொருளைக் கணக்கிட்டு, குறைந்ததை எடுத்துக்கொள்வதே நல்லது என்பேன். நேரம் கொஞ்சம் கூடும். காரணம் கண்ணுக்குத் தெரியும்.

தாது விலை கூடியது, கார்பனுக்காகப் போடும் கரி மலிவு. கரியைத் தாராளமாகப் போட்டுத் தாதை முழுக்கத் தீர்த்துவிடலாமே என்று தோன்றும். தேர்வுத்தாளில் சரி. உண்மையான தாதில் இரும்பு ஆக்சைடும் கலந்திருக்கிறது. கரி அளவுக்கு மிஞ்சினால் அந்த இரும்பும் உலோகமாகி வெள்ளீயத்தோடு கலந்துவிடும். அதனால் முதல் உருக்கலில் கரியை அடக்கிப் போட்டு, கொஞ்சம் வெள்ளீயம் கசடில் தங்கினாலும் பொறுத்துக்கொண்டு, பிறகு அந்தக் கசடை மறுபடி உருக்கி எடுக்கிறார்கள்.