கூண்டைத் திறந்துவிட்டால் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா செருப்பு டப்பாவோடு வந்தார். உள்ளே பழைய துண்டில் சுற்றிய பச்சைக்கிளி. தலையெல்லாம் காக்கை கொத்திய காயம், இடது கண் வீங்கி மூடியிருந்தது. ஆறு வருஷம் வளர்த்தார்களாம். "அடைச்சு வைக்கிறது பாவம்னு சொன்னாங்க டாக்டர், வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில திறந்து விட்டோம்" என்றார். இந்த மாதம் இப்படி வந்த நாலாவது கிளி இது. அதனால் இந்தப் பதிவில் என் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பறவைதானே டாக்டர், பறக்கத் தெரியாதா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். தெரியும், ஆனால் முடியாது. பறந்து போகாமலிருக்க வெட்டிய இறகு நகம் போல வளராது. அடிக்கட்டை உதிர்ந்த பிறகுதான் அங்கே புது இறகு முளைக்கும், அதற்குப் பல மாதம் ஆகலாம். சரி, இறகை வெட்டவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டடிக் கூண்டில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்த கிளிக்கு நெஞ்சில் சதை எங்கே இருக்கும்? நான் முதலில் விரலை வைத்துப் பார்ப்பது அங்கேதான். அந்தக் கிளியின் நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி கையில் தட்டியது. எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி வரை பறந்ததே பெரிய விஷயம்.

அப்புறம் சாப்பாடு. தயிர்சாதமும் பிஸ்கட்டும் சூரியகாந்தி விதையும் தின்று வளர்ந்த கிளிக்குக் கொடுக்காப்புளியைப் பிரித்துத் தின்ன யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வல்லூறு வந்தால் கூட்டம் கத்தும், எல்லாம் ஒன்றாக எழும்பும். கூட்டத்தோடு வளராத கிளிக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தமே தெரியாது. பசித்தால் மனிதத் தோளைத் தேடி வந்து உட்காரும். பிடிக்கிறவர் மறுபடி கூண்டில் போடுவார். இதைத்தான் விடுதலை என்கிறீர்கள்.

வளர்த்த கிளியை முறையாகப் பழக்கி வெளியே விடுவதென்றால் மாதக்கணக்கில் ஆகும். முதலில் சில வாரம் தனியறை, ஏனென்றால் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். வெறும் விதை தின்று வைட்டமின் ஏ இல்லாமல் வாய்க்குள் கட்டி கட்டியாக வந்திருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு பறந்து பழக நீளமான பெரிய கூண்டு, கூடவே மற்ற கிளிகள், காட்டுப் பழங்கள். மனிதப் பேச்சே கூடாது. பராமரிக்கிறவர்களுக்கு இதுதான் கஷ்டம். கிளி "வா வா" என்று கூப்பிடும்போது பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவு செய்தும் சில கிளிகள் தேறாது. அவை கடைசி வரை தன் இனத்தோடு பெரிய கூண்டில்தான் இருக்கும்.

நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. வழக்கு வருமோ என்ற பயத்தில்தான் பலர் ராத்திரியில் திறந்து விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வனச்சரகர் அலுவலகத்துக்குப் போன் செய்து நீங்களாகவே ஒப்படையுங்கள். குஞ்சு கீழே கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாலும் வேண்டாம். காற்றுப் போகிற டப்பாவில் வைத்து, இருட்டாக, கதகதப்பாகக் கொண்டு வாருங்கள், போதும்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காக்கடீல் போன்ற வெளிநாட்டுப் பறவைகளுக்கு இங்கே காடே கிடையாது, அவற்றைத் திறந்து விடுவது கொலை. வளர்க்க முடியவில்லையென்றால் காகிதங்களோடு சரியான ஆளிடம் கொடுங்கள். அதே கூண்டு, அதே தீனி கூடவே போகட்டும். ஆளும் இடமும் சாப்பாடும் ஒரே நாளில் மாறினால் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கலாம்.

அந்தச் செருப்பு டப்பா கிளி பிழைத்துவிட்டது. இடது கண் போய்விட்டது. வனத்துறைக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, அவர்கள் வரும் வரை இங்கேதான். காலையில் கதவைத் திறந்தாலே "சாப்டியா? சாப்டியா?" என்று கேட்கிறது. கம்பவுண்டர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூண்டைத் துடைக்கிறார்.