‘அண்ணன் தம்பிதானே சார், ஏன் கடிச்சுக்குது?’

கும்பகோணம் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிற என்னிடம் வருவது பெரும்பாலும் மாடும் ஆடும்தான், இடையில் நாய்கள். கினி பிக் (வீட்டில் வளர்க்கிற, எலி இனத்துச் சின்னப் பிராணி) வருவது அபூர்வம், ஆனால் வந்தால் அநேகமாக ஒரே கதை. தீபாவளி சமயத்தில் மீன் தொட்டிக் கடையில் ‘ஜோடி’ என்று வாங்கிய இரண்டு குட்டிகள், மார்கழி முழுக்க ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கியிருக்கும், தை பிறந்ததும் அடிதடி.

பாபநாசத்திலிருந்து ஒரு அம்மாவும் பையனும் காய்கறிக் கூடையில் இரண்டையும் சேர்த்தே போட்டுக் கொண்டு வந்தார்கள். கடைக்காரர் ஒன்று ஆண், ஒன்று பெண் என்றாராம். புரட்டிப் பார்த்தேன், இரண்டும் ஆண். சின்னதன் பின்பக்கத்தில் முடி ஈரமாகச் சடை பிடித்திருந்தது, விலக்கினால் அக்கம்பக்கமாக இரண்டு சின்ன வெட்டு, உளி பட்டது மாதிரி. முன்பற்களின் தடம்.

அண்ணன் தம்பியாயிருந்தும் ஏன் கடித்துக்கொள்கிறது என்று கேட்டான் பையன். வயசுக் கோளாறுதான். ஆண் குட்டி இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், அதிலிருந்து ஒரு வயது தாண்டுகிற வரை யார் பெரியவன் என்ற வழக்கு ஓயாது. செல்போன் வைப்ரேட் ஆவது போல உறுமிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றி வருவது, மேலே ஏறுவது, மோவாயைத் தூக்கிக் காட்டுவது, இதெல்லாம் பேச்சுவார்த்தை. இதற்கே பதறிப்போய்ப் பிரித்து, மறுநாள் சேர்த்து, மறுபடி பிரித்தால் ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்து முதலிலிருந்து தொடங்கும். விட்டுவிடுங்கள், ஒன்று பணிந்து ஒதுங்கினால் விஷயம் முடிந்தது.

பல்லை விடாமல் நறநறவென்று தட்டுவது, பிடரி சிலிர்த்து நிற்பது, நேருக்கு நேர் வாயைப் பிளப்பது (கொட்டாவி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள், கொட்டாவி இல்லை), இவை வந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். அப்போது கையை நடுவே நுழைக்காதீர்கள். தடித்த துண்டைப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு முறத்தை நடுவில் செருகுங்கள்.

கூண்டு எப்படி என்று கேட்டேன். லவ் பேர்ட்ஸ் கூண்டாம், இரண்டடி நீளம், ஒரே தட்டு, ஒளிய ஒரு செருப்புப் பெட்டி. சண்டை வராமல் என்ன செய்யும்? இரண்டு ஆணுக்குக் குறைந்தது 10 சதுர அடி தரை வேண்டும், மாடி வைத்துக் கட்டுவது கணக்கில் சேராது, ஏனென்றால் இது தரையில் ஓடுகிற பிராணி. தட்டு, தண்ணீர் பாட்டில், ஒளியும் இடம் எல்லாம் இரண்டிரண்டு. முக்கியமாக ஒளியும் பெட்டிக்கு இரண்டு வாசல். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டது ஓட வழியில்லாமல் கடி வாங்கும். புல்லும் இரண்டு மூலையில் எந்நேரமும் கிடக்கட்டும். நம் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை என்று அதையே தீனியாகப் போடுகிறார்கள், கீழே விரிக்கச் சரி, சத்துக்குப் போதாது. வரப்பில் அருகம்புல் அறுப்பதானால் களைக்கொல்லி அடித்த வரப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஒரு பொட்டைய வாங்கி விட்டா சமாதானமாயிடுமா டாக்டர்?” என்றார் அந்த அம்மா. எல்லாரும் கேட்பதுதான். பெண் வாடை அடித்தாலே சண்டை கூடும், இரண்டு மாதம் கழித்துக் குட்டிகளும் வரும். கருத்தடை ஆபரேஷன் செய்தால் குட்டி நிற்கும், ஆணுக்கும் ஆணுக்குமான பகை பெரிதாகக் குறையாது.

ரத்தம் வந்துவிட்டால் சேர்த்து வைப்பது வேண்டாம். நடுவில் பொடிக்கண் கம்பி வலை அடித்து அக்கம்பக்கத்தில் வையுங்கள். இது கூட்டமாக வாழ்கிற பிராணி, தனி அறையில் ஒதுக்கினால் சோர்ந்துபோகும்.

காயத்தைச் சலைன் விட்டுத் துடைத்தேன். நாலைந்து நாள் கழித்துத் தடவிப் பாருங்கள், கட்டி தட்டுப்பட்டால் உள்ளே சீழ் என்றேன். அப்போதுதான் அவர் கைப்பையிலிருந்து ஒரு சிரப்பை எடுத்தார், மூத்தவனுக்குத் தொண்டை வலிக்கு வாங்கியதில் மிச்சம், அமாக்சிசிலின். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கு மருந்து, கினி பிக்குக்கு விஷம், குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து, பேதியில் சில நாளிலேயே கொன்றுவிடும். நல்லவேளை, கொடுக்கவில்லை. கொய்யா, குடைமிளகாய், கொத்தமல்லி கொடுங்கள், வைட்டமின் சி இல்லாமல் அதன் புண் ஆறாது, நம்மைப் போலவே அதன் உடம்பாலும் அதைத் தயாரிக்க முடியாது. அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

திரும்பும்போது ஒன்று கூடையில், இன்னொன்று தடுப்பூசி வந்த அட்டைப்பெட்டியில். காற்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன், பையன் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்கும் ரெண்டு வாசல் வேணும்ல சார்?” என்றான்.