வெளியூரிலிருந்து வீட்டுக் கேமரா: ரவுட்டர் ஏன் மறிக்கிறது?

வீட்டு வைஃபையில் பளிச்சென்று தெரியும் சிசிடிவி படம், தெருமுனை தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் வராமல் போய்விடும். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அதன் முகவரிதான் காரணம்.

கேமராக்களின் பதிவுப் பெட்டியான என்.வி.ஆருக்கு 192.168.1.50 போன்ற ஓர் ஐபி எண்ணை ரவுட்டர் கொடுக்கிறது. இதே எண் எத்தனையோ வீடுகளில் இருக்கும்; வீட்டுக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை. இணைய முகவரிகளுக்கான ஐபிவி4 என்ற முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால்தான் 1990-களிலேயே சில எண்வரிசைகளை இப்படி உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டார்கள். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி ஒன்றுதான்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு கருவி இணையத்தில் எதையாவது கேட்டால், கேட்டது யார் என்று ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அதைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்பும். நாம் வெளியூரிலிருந்து கேமராவைக் கூப்பிடும்போது அப்படி எந்தக் குறிப்பும் இருக்காது. யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் ரவுட்டர் அதைத் தள்ளிவிடுகிறது.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த ரவுட்டரில் நாமே நிரந்தரமாக எழுதிவைக்கும் ஒரு வரி: 554-ஆம் போர்ட்டுக்கு எது வந்தாலும் 192.168.1.50-க்கு அனுப்பு. போர்ட் என்பது ஒரே முகவரியில் இயங்கும் பல சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண். 65,535 வரை உண்டு. 554 கேமரா வீடியோவுக்கான ஆர்டிஎஸ்பி முறையின் எண். என்.வி.ஆரின் ஐபியை முதலில் நிலையாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்வெட்டுக்கு அப்புறம் எண் மாறி, எழுதிய வரி வேறு கருவிக்குப் போய்விடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் படம் வரவில்லையா? ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையத்தின் பக்கம் அதற்குள்ள முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் அட்டவணையில் நம்மால் எழுத முடியாது. பொது ஐபி கேட்டு வாங்கினால்தான் வழி.

ஆனால் என்னைக் கேட்டால், கேமராவுக்கு நேராகப் போர்ட் திறக்கவே வேண்டாம். கூப்பிடுவது வீட்டுக்காரரா, வேறு யாரோவா என்று அந்த வரி பார்ப்பதில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகளையும் இணையம் முழுக்கத் தேடிப் பிடித்தது. அவற்றை ஏவி அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை.

ரவுட்டரிலேயே வயர்கார்டு போன்ற விபிஎன் வசதி, அதாவது வெளியிலிருந்து வீட்டு இணைப்புக்குள் வரும் பூட்டிய தனிவழி, இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே தராது. விபிஎன்னில் இணைந்த கைப்பேசி வீட்டுக்குள் இருப்பதுபோலவே 192.168.1.50-ஐ அழைக்கலாம். அப்படியே ரவுட்டரில் யூபிஎன்பி என்ற வசதியையும் தேடி அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், நம்மைக் கேட்காமல் கேமராவே தனக்கொரு போர்ட்டைத் திறந்துகொள்ள முடியும்.