ஆட்டோமேஷன் என்றால் இயந்திரமயம் இல்லை

ஆட்டோமேஷனுக்கு ‘இயந்திரமயமாக்கல்’ என்று எழுதுவதை இனியாவது விட வேண்டும். அலுவலக வேலைகள் குறைவதைப் பற்றி எந்த மொழிபெயர்ப்புக் கட்டுரையைத் திறந்தாலும் இதே சொல்தான் வந்து நிற்கிறது. சரியான சொல் தன்னியக்கம்.

வேர் கிரேக்கம், ‘ஆட்டோமடோஸ்’ என்றால் தானாகவே செயல்படுவது. ஆட்டோமேஷன் என்ற வடிவம் பரவியது 1940களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஃபோர்டு கார் ஆலைகளில். அங்கே இயந்திரங்களுக்குக் குறைவே இல்லை. ஒரு பாகத்தை ஓர் இயந்திரத்திலிருந்து எடுத்து அடுத்ததில் வைக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கை இல்லாமலே பாகங்கள் நகரும்படி செய்தபோது அதற்கு ஒரு புதுச்சொல் தேவைப்பட்டது. இயந்திரமயம் என்ற கருத்தே போதுமென்றால் இந்தச் சொல் பிறந்தே இருக்காது.

கையால் எழுதிய கடிதத்தைத் தட்டச்சுப் பொறியில் அடித்தது இயந்திரமயம். பேரேட்டைக் கணினிக்கு மாற்றியது கணினிமயம். இரண்டிலும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், என்ன எழுதுவது, எந்தத் தொகையை எந்தக் கணக்கில் ஏற்றுவது என்று அவர்தான் முடிவு செய்தார். இப்போது நடப்பது வேறு. சப்ளையர் அனுப்பும் பில்லை மென்பொருளே படித்து, ஆர்டரோடும் சரக்கு வந்த ரசீதோடும் ஒப்பிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் பணம் அனுப்பும் வரிசையில் சேர்த்துவிடுகிறது. பொருந்தாத பில் மட்டும்தான் மனிதரிடம் வருகிறது. மேசை அதே மேசை, கணினி அதே கணினி. ‘இயந்திரமயம்’ என்று படித்தவர் இரும்பைத் தேடுகிறார், தன் அலுவலகத்தில் எதுவும் வந்து இறங்கவில்லை என்று நிம்மதி அடைகிறார். ஓய்வு பெற்றவரின் இடத்தை நிர்வாகம் நிரப்பாமலே விடுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. யாரையும் வெளியே அனுப்பாமலே வேலைகள் குறைகின்றன. இதை மறைத்துவிடுகிற சொல்லை எப்படிச் சரியென்று ஒப்புக்கொள்வது?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இங்கே வேறு பக்கம் இழுக்கிறார்கள். இயந்திரம் வடசொல், அதனால் பொறிமயம் என்று மாற்றினால் போதும் என்கிறார்கள். தூய்மையில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் தவறான பொருளைத் தூய தமிழில் சொன்னால் அது சரியாகிவிடாது.

இத்தனைக்கும் நம்மிடம் நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஏடிஎம்மைத் தானியங்கி என்று மக்கள் படித்துப் பழகிவிட்டார்கள். தான் இயங்குவது தானியங்கி, அது கருவி. அந்தத் தன்மைக்குப் பெயர் வைக்கும்போது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘தான்’ குறுகித் ‘தன்’ ஆகும்: தன்னலம், தன்னாட்சி, தன்னம்பிக்கை. அதே வழியில் தன்னியக்கம். தானியக்கம் என்று எழுதுபவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், பொருளாவது சரியாக இருக்கிறது. ஆனால் படிக்கும்போது தானியம் குறுக்கே வருகிறது.

அப்புறம், இந்தக் கட்டுரைகளுக்கு வைக்கப்படும் ‘மனிதனுக்குப் பதில் இயந்திரம்’ என்ற தலைப்பு. அதுவும் இதே குழப்பத்தின் பிள்ளைதான். அமெரிக்க வங்கிகளில் ஏடிஎம் பரவிய பிறகும் 2010 வரை காசாளர்களின் மொத்த எண்ணிக்கை சரியவில்லை. ஒரு கிளைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள், கிளை நடத்தும் செலவு இறங்கியது, கிளைகள் பெருகின, காசாளரின் வேலையும் பணம் எண்ணுவதிலிருந்து வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு நகர்ந்தது. தன்னியக்கம் முதலில் எடுத்துக்கொள்வது ஒரு வேலைக்குள் இருக்கும் சில பணிகளை. முழு வேலையும் போகுமா என்பது மிச்சம் என்ன இருக்கிறது, அதற்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஆங்கில மூலத்தில் ‘டாஸ்க்ஸ்’, அதாவது பணிகள், என்று இருப்பதை ‘வேலைகள்’ என்று அவசரமாக மாற்றும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு வரியையாவது நிதானமாகப் படிக்கலாம். பணி வேறு, வேலை வேறு. அகராதியில் இரண்டும் ஒன்றாக இருந்தாலும் இந்த இடத்தில் பிரித்துத்தான் எழுத வேண்டும்.