ஓடாத காடிக்கு எதற்கு இவ்வளவு செலவு?

கோலாலம்பூர் செந்தூலில் என் பெரியப்பா மகன் வீட்டு வாசலில், போர்வைக்குள் ஒரு 1990ஆம் ஆண்டு நிசான் 300இசட்எக்ஸ் கார் நிற்கிறது. இரட்டை டர்போ வைத்த வி6 இன்ஜின். ஞாயிறு காலையில் மட்டும் வெளியே வரும். வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். “ஓடாத காடிக்கு எதுக்கு இவ்வளவு செலவு?” என்று அண்ணி கேட்கிறார். நல்ல கேள்வி.

முதலில் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் இன்ஜின் கொள்ளளவு 2,500 சிசியைத் தாண்டிய காருக்கு 880 ரிங்கிட், கூடுதலான ஒவ்வொரு சிசிக்கும் 2.50 ரிங்கிட். இது 2,960 சிசி. ஆக 2,030 ரிங்கிட். பெட்ரோல் ஊற்றும் முன்பே கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட் போய்விடுகிறது. ஜப்பானில் இதே 280 குதிரைத்திறனோடு விற்ற மிட்சுபிஷி எவோ 6 காருக்கு 1,997 சிசிதான். அதற்கு வரி 378.50. வரிக் கணக்கு சிலிண்டரின் கொள்ளளவை மட்டும் பார்க்கிறது, சக்தியைப் பார்ப்பதில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

மற்ற செலவில் பெரும்பங்கு ரப்பரால் வருவது. நம் தாத்தா பாட்டிமார் பால்மரக் காட்டில் வெட்டிச் சேர்த்த பால், நூல் போன்ற நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்த நூல்களுக்கு நடுவே பாலங்கள் விழுந்து, இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் பொருளாகிறது. இதை 1839இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். ஆனால் அந்த வேலை தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. வெப்பமும் ஆக்ஸிஜனும் புதுப் பாலங்களைப் போட்டுக்கொண்டே இருக்க, ரப்பர் இறுகுகிறது. பத்து டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவான கணக்கு. கோலாலம்பூர் வெயிலில் இதற்கு ஓய்வே கிடையாது.

டயருக்கு இன்னொரு எதிரி ஓசோன். அதைத் தடுக்க ரப்பருக்குள் மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளையும்போதுதான் அது மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. அண்ணன் காடியின் டயர்களில் பள்ளங்கள் புதிதுபோல ஆழமாக இருந்தன. பக்கவாட்டிலோ தலைமுடி போல விரிசல்கள். ஓரத்தில் இருந்த நான்கு இலக்கம் 1413. அதாவது 2013ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்த டயர்.

இன்ஜினில் காற்றும் புகையும் போய்வரும் வாசல்களான வால்வுகளை நேரத்தோடு திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டும் ரப்பர் வகைதான், செயற்கை ரப்பர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் திறந்தபடி நின்றுவிட்ட வால்வுகள்மேல் பிஸ்டன் மோதும். இந்த இன்ஜினில் மொத்தம் 24 வால்வுகள். அதனால்தான் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே மாற்றச் சொல்கிறார்கள். பெல்ட்டின் விலை பெரிதில்லை, அதை எட்டக் கழற்றும் கூலிதான் பெரிது.

பிரேக் எண்ணெய் விஷயத்தில் நானே பயந்திருக்கிறேன். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது, பாதி வழியில் அண்ணன் காலடியில் பெடல் மெத்தென்று அமிழ்ந்தது. 1,600 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் கியரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்குக்கு. டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்கிறது தர விதி. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவி சுருங்கிவிடும். மிதிக்கும் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

கியரைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் இறங்கினோம். மறுநாள் பட்டறையில் வடித்த எண்ணெய் கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி, நிறத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை அண்ணன் ஐந்து வருடமாகத் தொடவில்லை. புது எண்ணெயில் பாதி பாட்டில் மீந்தது. “அடுத்த தடவைக்கு வச்சுக்கலாமா?” என்று கேட்டார். “மூடியைத் திறந்தாச்சுண்ணே, அதுவும் இனிமே ஈரம் குடிக்கும்” என்றார் பட்டறை மெக்கானிக்கான போமன்.